டிம்மரைக் குறைத்ததும் எல்இடி மினுக்குவது

நாலு 7 வாட் எல்இடிக்கு நீங்கள் செய்த டிரையாக் (ஏசி மின்சாரத்தை ஓடவிட்டு நிறுத்தும் குறைகடத்தி சுவிட்ச்) டிம்மர், ஒளியைக் குறைத்ததும் மினுக்குகிறது, அணைத்த பிறகும் லேசாக எரிகிறது என்கிறீர்கள். டிம் செய்யக்கூடிய பல்புதானே? சரி.

டிரையாக் தொடர்ந்து கடத்தக் குறைந்தபட்ச மின்னோட்டம் ஒன்று தேவை. 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் சுமார் 260 மில்லிஆம்பியர் இழுத்ததால் இந்தத் தேவை ஒரு பிரச்சினையாகத் தெரியவே இல்லை. எல்இடி டிரைவரோ உள்ளிருக்கும் கெபாசிட்டர் நிரம்பியதும் இழுப்பதை நிறுத்திவிடும்; டிரையாக் ஏசி அலையின் அரைச்சுற்றின் நடுவிலேயே அணைந்துவிடும், அதனால்தான் மினுக்கல். மின்னோட்டத்தைக் கூட்ட ரெசிஸ்டர் சுமை சேர்க்கலாம், ஆனால் மிச்சப்படுத்திய மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிப்பதற்கு எதற்கு எல்இடி? டிரையாக்குக்குப் பதில் இரண்டு மாஸ்ஃபெட்டை (நினைத்த நேரத்தில் அணைக்கக்கூடிய டிரான்சிஸ்டர்) எதிரெதிராக இணைத்து, மின்னழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போது தொடங்கி, அரைச்சுற்றின் பின்விளிம்பை வெட்டுங்கள்.

அணைத்த பிறகு எரிவது பெரும்பாலும் ஸ்னப்பர் (டிரையாக்கின் குறுக்கே மின்னழுத்தத் துள்ளலை அடக்கும் கெபாசிட்டரும் ரெசிஸ்டரும்) வழியாகக் கசிவதுதான்: 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்றால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 7 மில்லிஆம்பியர். தொடரில் இணைப்பை முழுசாகத் துண்டிக்கும் ஒரு நிஜ சுவிட்ச் வையுங்கள்.

அப்புறம், ஆசிலோஸ்கோப் (அலைவடிவம் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால், அதன் கிரவுண்டு கிளிப்பை நேராக மெயின்ஸில் மாட்டிவிடாதீர்கள்.