டவுன் சிண்ட்ரோம் சுண்டெலிகள்: கேள்விக்குப் பதில்

டவுன் சிண்ட்ரோம் என்பது 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது, அதை எலியில் உண்டாக்கி ஆராய்கிறார்கள். இந்த ஆய்வு நடக்கும் லேபில் சில வருடம் எலி பிடித்தவள் நான், அதனால் கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன.

கேள்வி: எலிக்கு ஏது நம்முடைய 21ஆம் குரோமோசோம்?

இல்லைதான். நம் 21இல் இருக்கும் மரபணுக்கள் சுண்டெலியில் 16, 17, 10 என்று மூன்று குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன, பெரும்பங்கு 16இல். அமெரிக்காவின் ஜாக்சன் லேபரட்டரியில் மியூரியல் டேவிசன் உருவாக்கிய டிஎஸ்65டிஎன் எலிக்கு அந்த 16இன் ஒரு துண்டு கூடுதலாக உண்டு. சிக்கல் என்னவென்றால், அது 17இன் ஒரு துண்டோடு ஒட்டி வந்தது, டவுன் சிண்ட்ரோமுக்குச் சம்பந்தமே இல்லாத மரபணுக்களும் கூடவே ஏறிவிட்டன. 2005இல் மனிதனின் 21ஐயே எலிக்குள் வைத்தார்கள், ஆனால் எல்லா செல்லிலும் அது தங்கவில்லை. அதனால் யார் எந்த முடிவைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது "எந்த எலி?" என்றுதான்.

கேள்வி: எலி மூளையில் பார்ப்பது மனித மூளையிலும் இருக்குமா அக்கா?

சிறுமூளையில் இருக்கிறது. 2000இல் எலியின் சிறுமூளையில் கிரான்யூல் செல்கள் (மிகச் சின்ன நரம்புசெல்கள்) குறைவு என்று பார்த்த பிறகுதான் மனிதத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள், அங்கேயும் அதே குறை!

கேள்வி: எலியின் ஞாபகசக்தியை எப்படி அளக்கிறீர்கள்?

வட்டத் தொட்டியில் கலங்கல் தண்ணீர், தண்ணீருக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மேடை. சுற்றியிருக்கும் அடையாளங்களை வைத்து இடத்தை நினைவு வைத்துக்கொண்டு சாதாரண எலி சில நாளில் நேராக நீந்திப் போய் ஏறிவிடும், நம் டவுன் சிண்ட்ரோம் எலி தொட்டி ஓரமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். உடனே "மறதி" என்று குறித்துவிடக் கூடாது. பழைய டிஎஸ்65டிஎன் வம்சத்தில் விழித்திரையைக் கெடுக்கும் மரபணு ஒன்றும் கலந்திருந்தது, சில எலிகளுக்குப் பார்வையே கிடையாது. முதலில் அவற்றைப் பொறுக்கி ஒதுக்க வேண்டும், சலிப்பான வேலை.

கேள்வி: அல்சைமர்?

அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கு மூலமான ஏபிபி மரபணு 21இல்தான் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் 40 வயதுக்குள் மூளையில் அமிலாய்டு படிவு வந்துவிடுகிறது. டிஎஸ்65டிஎன் எலியில் அந்தப் படிவு வராது. ஆனால் மூளையின் அடிமுன்பகுதியில் நினைவோடு தொடர்புடைய கோலினெர்ஜிக் (அசெட்டில்கோலின் என்ற ரசாயனத்தால் செய்தி அனுப்பும்) நரம்புசெல்கள் வயதாக ஆக நலிவது எலியிலும் தெரிகிறது, அந்தக் கேள்விக்கு இந்த எலி நல்ல எலி.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. எலிக்கு ஒரே ஊசியில் சரியானதாமே, எப்போது வரும் மேடம்?

2013 செய்தியைப் படித்திருப்பீர்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரோஜர் ரீவ்ஸ் குழு டிஎஸ்65டிஎன் குட்டி பிறந்த அன்றே ஒரு மருந்தைப் போட்டது, சிறுமூளை சாதாரண அளவுக்கு வளர்ந்தது, தண்ணீர்த் தொட்டியிலும் தேறியது, உண்மைதான். ஆனால் எலிக்குச் சிறுமூளையின் அந்தக் கிரான்யூல் செல்கள் பெரும்பாலும் பெருகுவதே பிறந்த பிறகுதான், 6 வயதுப் பிள்ளைக்கு அந்தக் கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது. மருந்து தூண்டிவிடும் பாதை அளவு மீறினால் கட்டிக்கும் வழி செய்யும். எலியில் நன்றாக வேலை செய்த பாஸ்மிசானில் வகை மருந்தும் (மூளையின் தடைச் சமிக்ஞையைக் குறைப்பது) மனிதச் சோதனையில் பலன் காட்டவில்லை, 2016இல் நிறுத்திவிட்டார்கள். "எலியில் நிரூபணமானது" என்று யாராவது எதையாவது விற்க வந்தால் வாங்காதீர்கள் அம்மா. அது இருக்கட்டும், டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு அடிக்கடி குறை வருவது தைராய்டிலும் காதிலும்தான், பாப்பாவுக்கு அவற்றைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?