சுவரொட்டி வேறு, கணையம் வேறு

கேள்வி: என் கொழுந்தனாருக்கு மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து ஊட்டியில் சேர்த்தோம். கணையத்தில் வீக்கமாம். ‘இனி சர்க்கரை நோய் நிச்சயம்’ என்று வருகிறவர்கள் எல்லாம் பயமுறுத்துகிறார்கள். சர்க்கரைக்கு மட்டும்தானா அந்த உறுப்பு? கறிக்கடையில் சுவரொட்டி என்று தருவது அதைத்தானே?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. சுவரொட்டி என்பது மண்ணீரல். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும். சுமார் 15 சென்டிமீட்டர் நீளம், அதன் வால் நுனிதான் மண்ணீரல் பக்கம் போய் முடிகிறது. முதுகை ஒட்டி இருப்பதால்தான் வலி பின்பக்கம் பாய்கிறது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணிகிறது. உங்கள் கொழுந்தனாரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

சரி, வேலைக்கு வருவோம். சாயங்காலம் டீயில் வர்க்கியைத் தொட்டுச் சாப்பிடுகிறீர்கள். இரைப்பை அதை அமிலத்தோடு பிசைந்து கூழாக்கி முன்சிறுகுடலுக்குள் தள்ளும். அந்தப் புளிப்பைக் குடல் தாங்காது, அதனால் கணையம் தன் நீரை ஊற்றுகிறது, அதில் இருப்பது ஏறக்குறைய நம் ஆப்ப சோடா சமாச்சாரம்தான், புளிப்பு அடங்கிவிடும். அதே நீரில் வரும் அமைலேஸ் வர்க்கியின் மைதாவை உடைக்கும், லைப்பேஸ் அதன் கொழுப்பைப் பிரிக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வரை இந்த நீர் சுரக்கிறது. கணையத்தில் பெரும்பகுதி இந்த வேலைக்குத்தான். இன்சுலின் சுரக்கும் திட்டுகள் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். 1869-இல் அவற்றை முதலில் கண்டு எழுதிய பால் லாங்கர்ஹான்ஸுக்கே அவை எதற்கென்று தெரியவில்லை! உடைந்த மைதா குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறும்போது இன்சுலின் அதைச் செல்களுக்குள் அனுப்புகிறது, பட்டினி கிடந்தால் அதே திட்டுகளிலிருந்து குளுக்ககான் வந்து கல்லீரலின் சேமிப்பைத் திறந்துவிடும்.

புரதத்தை அறுக்கும் டிரிப்சின் மட்டும் கொஞ்சம் ஆபத்தான ஆள். அதனால் கணையம் அதை உறையில் போட்ட கத்தி மாதிரி, வேலை செய்யாத வடிவத்தில்தான் அனுப்பும். குடலுக்குப் போன பிறகுதான் உறை கழலும். பாதை அடைபட்டோ வேறு காரணத்தாலோ உள்ளேயே கழன்றுவிட்டால் கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

ஒரு தடவை வீங்கினால் எல்லாருக்கும் சர்க்கரை வந்துவிடாது. சிலருக்கு வரும், அடிக்கடி வீங்கினால் வாய்ப்பு கூடும், அதனால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்; செரிமான நீர் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், சாப்பாட்டோடு விழுங்கும் மாத்திரை இருக்கிறது.

காரணம் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் இரண்டுதான்: பித்தப்பைக் கல், இல்லாவிட்டால் குடி. கல் என்றால் ஸ்கேனில் தெரியும், அதற்கு வைத்தியம் உண்டு. குடி என்றால் முழுசாக நிறுத்த வேண்டும், ‘குளிருக்குக் கொஞ்சம்’ என்று நம் மலையில் சொல்லும் அந்தக் கொஞ்சமும் சேர்த்து.