டிக்கெட் குறியீட்டை நாமே வைக்கலாமா? – கேள்வி பதில்

நாடகம், கல்லூரி விழா, ஊர்ச் சங்கத்துப் பொங்கல் என்று பல நிகழ்ச்சிகளுக்கு ஆன்லைன் டிக்கெட் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். கேட்டில் ஸ்கேன் செய்து உள்ளே விடுவதற்காக ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் மென்பொருள் தானாகத் தரும் குறியீட்டை விட்டுவிட்டு நம் விருப்பப்படி ஒன்றை வைப்பது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

மதுரை, கல்லூரி விழாக் குழு: அண்ணா, மென்பொருள் தருகிற குறியீடு வாயில் நுழையாத மாதிரி இருக்கிறது. விழாவின் பெயர் போட்டு 0001, 0002 என்று வரிசையாக வைத்தால் பார்க்கவும் அழகு, எண்ணவும் சுலபம். செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம் தம்பி. கையில் 0417 வைத்திருப்பவருக்கு 0418 என்று ஒன்று இருப்பது தெரிந்துவிடும். ஒரு கல்லூரி விழாவில் இதைக் கண்ணால் பார்த்தேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய ஒரு பெண் கேட்டில் நிற்கிறாள், "இது ஏற்கெனவே உள்ளே போய்விட்டது" என்று போன் சொல்கிறது. யாரோ அடுத்த எண்ணைப் போட்டு கியூஆர் கோட் செய்து அவளுக்கு முன்னால் நுழைந்துவிட்டார்கள். அழுதுகொண்டே நின்ற அவளிடம் சொல்ல எங்களுக்கு வார்த்தை இல்லை.

டிக்கெட் குறியீட்டைச் சாவி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண் வெறும் பெயர்ப்பலகை. அதை டிக்கெட்டில் தனியாக அச்சிடலாம், கதவைத் திறக்கும் வேலையை மட்டும் அதற்குக் கொடுக்கக் கூடாது.

வரிசையைக் கலைத்து ஆறு இலக்கமாக வைத்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. ஆறு இலக்கத்தில் மொத்தமே 10 லட்சம் எண்கள்தான். 2,000 டிக்கெட் விற்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற 500 எண்களில் ஒன்று சராசரியாகப் பொருந்திவிடும். குறியீட்டைப் போட்டால் டிக்கெட் பக்கம் திறக்கிற தளமாக இருந்தால் வாங்கியவரின் பெயரும் போன் நம்பரும் சேர்ந்து வெளியே போகும். எண்ணும் எழுத்துமாக 32 குறிகளிலிருந்து எட்டை மென்பொருளே கலைத்துப்போட்டு எடுக்கட்டும். ஒரு லட்சம் கோடிக்கு மேல் வாய்ப்புகள் கிடைக்கும். அதே 2,000 டிக்கெட்டுக்கு, ஊகித்து அடிப்பவருக்குப் பொருந்தும் வாய்ப்பு சுமார் 55 கோடியில் ஒன்றாகிவிடும். விழாவின் பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் முன்னொட்டாக இருக்கட்டும், ஆனால் அது பாதுகாப்புக் கணக்கில் சேராது.

சேலம், சபா செயலாளர்: தம்பி, எங்கள் கேட்டில் நிற்பவர்கள் எல்லாம் அறுபது தாண்டியவர்கள். ஸ்கேன் ஆகவில்லை என்றால் குறியீட்டை வாய்விட்டுப் படித்து, உள்ளே இருக்கிறவர் தட்டச்சு செய்கிறார். பாதி தப்பாகிறது.

ஐயா, நாமே குறியீடு வைப்பதற்கு நல்ல காரணம் என்றால் இதுதான். டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்ற கணினி வல்லுநர் வகுத்த 32 குறித் தொகுதி ஒன்று இருக்கிறது. பத்து எண்களும் 22 ஆங்கில எழுத்துகளும் அதில் உண்டு. ஐ, எல், ஓ, யு நான்கும் கிடையாது. ஓ எழுத்தைப் பூஜ்ஜியமாகவும் ஐ, எல் இரண்டையும் எண் 1 ஆகவும் படித்துவிடுகிறோம் அல்லவா, அதனால் அந்த மூன்றையும் விட்டுவிட்டார்.

ஆனால் அவர் கண்ணுக்காக யோசித்ததைப்போல நாம் தமிழ்க் காதுக்காகவும் யோசிக்க வேண்டும். பாம்பேயின் முதல் எழுத்தும் பாரிஸின் முதல் எழுத்தும் நம் வாயில் ஒரே 'பி'தான். டில்லிக்கும் டோக்கியோவுக்கும் ஒரே 'டி'. அதனால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை நான் எடுத்துவிடுவேன். மிஞ்சும் 30 குறிகளில் எட்டு எடுத்தாலும் 65,000 கோடிக்கு மேல் வரும், கவலையே இல்லை. நான்கு நான்காகப் பிரித்து நடுவில் ஒரு சிறு கோடு போட்டால் படிக்கிறவர் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இன்னொன்றும் செய்யலாம். கடைசியில் ஒரு சரிபார்ப்புக் குறி, அதாவது மற்ற குறிகளை வைத்துக் கணக்குப் போட்டு வருகிற ஒரு குறி, சேருங்கள். ஐபிஎம் கணினி நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இன்றும் கிரெடிட் கார்டு எண்களில் இருக்கிறது. ஓர் இலக்கம் தப்பினால் உடனே பிடித்துவிடும். இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும், 09 என்பது 90 ஆனால் மட்டும் விட்டுவிடும். எழுத்துகளுக்கும் பொருந்துகிற மாதிரி அதை விரித்திருக்கிறார்கள். ஒரு விஷயம், இது தட்டச்சுப் பிழைக்குத்தான் காவல். சூத்திரம் ஊருக்கே தெரியும் என்பதால் திருடனை இது தடுக்காது.

திருச்சி: அண்ணா, 1,200 குறியீடுகளை எக்ஸெல்லில் வைத்திருந்து ஏற்றினோம். எல்லாம் ஆறு இலக்க எண்கள். கேட்டில் நூறு பேருக்கு மேல் "இப்படி ஒரு டிக்கெட் இல்லை" என்று வந்துவிட்டது.

ஏறக்குறைய பத்தில் ஒன்று என்றவுடனே எனக்குப் பூஜ்ஜியத்தின் மேல்தான் சந்தேகம். கலைத்துப்போட்ட ஆறு இலக்க எண்களில் பத்தில் ஒன்று பூஜ்ஜியத்தில் தொடங்கும். எக்ஸெல் அதை எண்ணாகப் பார்த்து முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியைப் பூஜ்ஜியமாக்கும். எண்களுக்கு நடுவில் ஒரே ஒரு ஆங்கில 'ஈ' எழுத்து வந்தால் பத்தின் அடுக்காக எழுதும் அறிவியல் முறை எண்ணாக மாற்றும். மாதப் பெயர் போல் இருந்தால் தேதியாக்கும். இந்தத் தேதித் தொல்லையால் 2020ல் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே மாற்றினார்கள் என்றால் பாருங்கள்.

ஒட்டுவதற்கு முன்பே எக்ஸெல்லில் அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். அடுத்த முறை எல்லாக் குறியீடும் எழுத்தில் தொடங்கும்படி செய்யுங்கள், பூஜ்ஜியத் தொல்லையும் 'ஈ' தொல்லையும் வராது.

யாழ்ப்பாணம்: அண்ணை, கடைகளிலயும் அச்சடிச்ச ரிக்கற் விக்கிறம், ஒன்லைன்லயும் விக்கிறம். ரெண்டையும் ஒரே கேட்டில பாக்கலாமோ?

தாராளமாகப் பார்க்கலாம். குறியீடு முழுவதையும் ஒரே நேரத்தில் உருவாக்கி, அச்சுக்கு ஒரு பங்கும் ஆன்லைனுக்கு ஒரு பங்கும் பிரித்து, இரண்டையும் ஒரே பட்டியலில் ஏற்றுங்கள். மறக்கக் கூடாதது இரண்டு. அச்சுக்குப் போன இருக்கைகளை ஆன்லைன் இருப்பிலிருந்து முதலிலேயே கழித்துவிட வேண்டும். கடையிலிருந்து விற்காமல் திரும்பும் டிக்கெட் புத்தகங்களின் குறியீடுகளைக் கதவு திறக்கும் முன் ரத்து செய்ய வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சென்னை: கியூஆர் கோட்டுக்குள் இணைய முகவரி வைக்கலாமா, குறியீடு மட்டும் போதுமா?

குறியீடு மட்டும், அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேபிடல்). பெரிய எழுத்தும் எண்ணும் சில குறிகளும் சேர்ந்த 45 குறிகளுக்கு கியூஆரில் சிக்கனமான தனி வழி இருக்கிறது. சிறிய எழுத்து ஒன்று வந்தால்கூட அது அதிக இடம் பிடிக்கும். வழக்கமான கியூஆரில் மிகச் சிறியது 21க்கு 21 கட்டம். 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும் உச்சப் பாதுகாப்பு வைத்தாலும் அதில் பத்துக் குறிகள் அடங்கும். எட்டுக் குறி, நடுக்கோடு, சரிபார்ப்புக் குறி எல்லாம் சேர்த்து நமக்கும் சரியாகப் பத்து! கட்டங்கள் பெரிதாக இருப்பதால் கசங்கிய காகிதத்திலும் உடைந்த திரையிலும் சட்டென்று படிக்கும். சுற்றிலும் நான்கு கட்ட அளவு வெள்ளை விளிம்பு விடுங்கள். வடிவமைப்பாளர்கள் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

கோவை: ஒரே டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பினால்?

முதலில் வருபவர் உள்ளே போவார், மற்றவர்களுக்குச் சிவப்பு விளக்கு. குறியீட்டை எவ்வளவு நன்றாக அமைத்தாலும் இதைத் தடுக்க முடியாது. டிக்கெட்மாஸ்டர் என்ற பெரிய டிக்கெட் நிறுவனத்தின் சேஃப்டிக்ஸ் என்ற போன் டிக்கெட்டில் பார்கோடு 15 வினாடிக்கு ஒருமுறை மாறும், ஸ்கிரீன்ஷாட் பலிக்காது. 500 பேர் அரங்குக்கு அவ்வளவு தேவையில்லை. ஸ்கேன் செய்கிறவரின் திரையில் வாங்கியவரின் பெயரும் போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கமும் தெரிந்தால் போதும். வேறொருவருக்கு மாற்றித் தரக் கேட்டால் பழைய குறியீட்டை ரத்து செய்துவிட்டுப் புதியது கொடுங்கள்.

ஈரோடு: தள்ளுபடிக் குறியீடும் இதுவும் ஒன்றா?

இல்லை. அதை ஆயிரம் பேர் பயன்படுத்தலாம், அதனால் நினைவில் நிற்கும் சொல்லாக இருக்கட்டும். டிக்கெட் குறியீடு ஒரு டிக்கெட்டுக்கு ஒன்று.

நாகர்கோவில்: அரங்கில் சிக்னலே கிடையாது. இரண்டு கேட் வேறு.

பட்டியலை முன்பே போனில் இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலும் ஸ்கேன் செய்யலாம். ஆனால் இரண்டு போன்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது, ஒரே டிக்கெட் இரண்டு வாசலிலும் நுழைந்துவிடும். கீழ்த்தளம் ஒரு கேட், பால்கனி ஒரு கேட் என்று டிக்கெட் வகையைப் பிரித்து, அந்தந்த போனில் அந்தந்தப் பட்டியலை மட்டும் வையுங்கள்.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மாலை, கதவு திறக்கும் நேரத்திலேயே அங்கே போய் நின்று, இருப்பதிலேயே பழைய போனில் நான்கு டிக்கெட்டை ஓட்டிப் பாருங்கள். நல்லது ஒன்று, அதையே இரண்டாம் முறை, ரத்தானது ஒன்று, வேறு நிகழ்ச்சியுடையது ஒன்று. நான்குக்கும் போன் என்ன சொல்கிறது என்பதைக் கேட்டில் நிற்கப்போகிறவரையே பார்க்கச் சொல்லுங்கள்.