அவசரம் நோய்க்கா, இன்சூரன்சுக்கா?

கேள்வி: எனக்கு வயது 62. ஏற்காடு மலையில் சொந்த ஊர். கொஞ்சம் காபியும் மிளகும் இருக்கிறது, மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள். நான் 19 வருடமாக மஸ்கட்டில் கட்டுமானக் கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி செக்கப்பில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) 6.4 என்று வந்து, எம்.ஆர்.ஐ.யும் பயாப்ஸியும் (திசுத் துண்டு எடுத்துப் பார்ப்பது) எடுத்தார்கள். 12 துண்டுகளில் 2-ல் புராஸ்டேட் கேன்சர், கிளீசன் 3+3. அடுத்த மாதமே ரோபோ ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார் டாக்டர். ரூமில் இருக்கும் நண்பர் கதிர்வீச்சுதான் நல்லது என்கிறார். ஊரில் மச்சான் லேகியம் அனுப்பட்டுமா என்கிறார். இன்னும் 14 மாதத்தில் வேலை முடிகிறது. இன்சூரன்சும் அத்தோடு போய்விடும். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. நான் என்ன செய்ய?
(பெயர் வேண்டாம், மஸ்கட்)

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு அவசரங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று இன்சூரன்சின் அவசரம். அது உண்மை, அதற்குத் தேதியே இருக்கிறது. இன்னொன்று நோயின் அவசரம். நீங்கள் எழுதியுள்ள எண்கள் சரியென்றால் அப்படி ஒன்று இல்லை.

கிளீசன் என்பது, கேன்சர் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அவை எவ்வளவு மோசமானவை என்று போடும் மதிப்பெண். உங்களுக்கு 3+3, ஆறு. பத்துக்கு ஆறு என்று பயந்திருப்பீர்கள். பயாப்ஸியில் கேன்சர் என்று எழுதும்போது இப்போது போடுகிற ஆகக் குறைந்த மதிப்பே ஆறுதான். பி.எஸ்.ஏ. பத்துக்குக் கீழே, பன்னிரண்டில் இரண்டே துண்டு. இதோடு டாக்டர் மலவாய் வழியே விரலால் செய்யும் பரிசோதனையிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பெரிதாக எதுவும் தெரியாவிட்டால் உங்களுடையது குறைந்த ஆபத்துள்ள வகை. இந்த வகைக்கு ஆபரேஷன், கதிர்வீச்சு இரண்டையும் தவிர்த்து மூன்றாவது வழி ஒன்று உண்டு. உடனே கை வைக்காமல், ஒழுங்காகக் கண்காணிப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., ஓராண்டு வாக்கில் மறுபடி பயாப்ஸி, இடையிடையே எம்.ஆர்.ஐ. நோய் குணம் மாறினால் அப்போது சிகிச்சை. இந்த வழியை உங்களிடம் யாருமே சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை, ஆரம்ப நிலையில் இருந்த 1,643 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு, ஒன்றுக்கு ஆபரேஷன், ஒன்றுக்குக் கதிர்வீச்சு. சுமார் 15 வருடம் கழித்து வந்த முடிவு 2023-ல் வெளியானது. மூன்று பிரிவிலுமே இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். இன்னொரு பக்கத்தையும் மறைக்க மாட்டேன். கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பரவியது நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மேல். மற்ற இரண்டிலும் ஐந்து பேர் அளவில். கண்காணிப்பில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேல் என்றோ ஒருநாள் சிகிச்சைக்குப் போனார்கள். அன்றைய கண்காணிப்பு இன்றைய அளவுக்கு இறுக்கமானது இல்லை, அவர்கள் எல்லோரும் உங்களைப் போலக் குறைந்த ஆபத்துக்காரர்களும் இல்லை. எப்படிப் பார்த்தாலும், யோசிக்கச் சில மாதங்கள் எடுத்துக்கொள்வதால் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.

இனி யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒருவர் என்னிடம் வருவார். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் கண்டுபிடித்த பதினைந்தாம் நாளே ஆபரேஷன் முடிந்துவிட்டது. கேன்சர் போயிற்று. சிறுநீர் மட்டும் நிற்கவில்லை. இருமினால், குனிந்தால் கசிவு. அடுத்தவர் வீட்டில் உட்காருவதை விட்டார். அந்த ஆடிக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தபோதுதான், கீழ் இடுப்புத் தசைக்குப் பயிற்சி உண்டு, ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பதே அவருக்குத் தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் கசிவு வெகுவாகக் குறைகிறது. அவருக்கும் குறைந்தது. ஆனால் அந்த எட்டு மாதம் அவர் தனியாகப் பட்டது.

தாம்பத்தியமும் அப்படித்தான். ஆபரேஷனுக்குப் பின் விறைப்பு குறைவது சாதாரணம். நரம்பைக் காப்பாற்றிச் செய்தாலும் திரும்ப மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும், சிலருக்குத் திரும்புவதே இல்லை. கதிர்வீச்சில் இது மெதுவாக வரும். மலவாய் எரிச்சலும் ரத்தமும் சிலருக்குச் சேர்ந்துகொள்ளும். ஒன்று கவனியுங்கள். ஆபரேஷனுக்குப் பின் நோய் தலைகாட்டினால் கதிர்வீச்சு கொடுக்கலாம். கதிர்வீச்சுக்குப் பின் ஆபரேஷன் என்பது மிகக் கடினம்.

ஆகவே மனைவியிடம் சொல்லுங்கள். இதில் பாதி அவர் வாழ்க்கையும்தான். காபி பழம் எடுக்கும் நேரத்தில் கவலை தர வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள். ஆபரேஷன் முடிந்து சிறுநீர் டியூபோடு வீடு வந்து நிற்பதைவிட, தெளிவான செய்தியைப் போனில் கேட்பது அவருக்கு எவ்வளவோ லேசு.

என் கருத்து: அடுத்த மாத ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள். முதலில் பயாப்ஸி ஸ்லைடுகளை வேறொரு நோய்க்குறியியல் நிபுணர் பார்க்கட்டும். வேலூர் சி.எம்.சி.யோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ போதும். மும்பை டாடா மெமோரியலில் ஆன்லைனிலேயே கருத்து கேட்கும் வசதியும் இருக்கிறது. 3+3 என்பது 3+4 ஆக மாறினால் என் பதிலும் மாறும். அப்பா, அண்ணன் தம்பிக்கு இந்த நோய் இருந்ததா, வீட்டுப் பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்ததா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முடி உதிர்வுக்கோ சிறுநீர் அடைப்புக்கோ ஃபினாஸ்டரைடு, டுட்டாஸ்டரைடு சாப்பிடுகிறீர்களா? அவை பி.எஸ்.ஏ.வைப் பாதியாகக் காட்டும். அப்படியானால் உங்கள் 6.4-ஐ வேறு விதமாகப் படிக்க வேண்டும். மச்சானின் லேகியம் வேண்டாம். இந்தக் கேன்சரைக் கரைப்பதாக நிரூபணமான மூலிகை எதுவும் கிடையாது.

கண்காணிப்புக்கு ஒரு நிலையான விலாசம் வேண்டும். 14 மாதம் மஸ்கட்டில் ஒரு டாக்டர், பிறகு ஊரில் இன்னொருவர் என்று காகிதம் சிதறினால் அது கண்காணிப்பு இல்லை, மறதி. ஊர் திரும்பப் போவது உறுதி என்றால் சேலத்தில் ஒரு சிறுநீரியல் டாக்டரை இப்போதே விடுமுறையில் வந்து பார்த்து ஃபைல் தொடங்குங்கள். எனக்குத் தெரிந்து உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் ஒருவர் ஆறு வருடமாக ஆடியிலும் தையிலும் தவறாமல் பி.எஸ்.ஏ. பார்க்கிறார். கத்தியும் படவில்லை, கதிரும் படவில்லை.

வருடக்கணக்கில் இப்படி அலைய முடியாது, கேன்சரோடு தூங்க முடியாது என்று உங்கள் மனம் சொன்னால், ஆபரேஷன் செய்துகொள்வதும் நியாயமே. அப்போது இன்சூரன்சும் ஒரு கணக்குதான். இங்கே புதிதாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். இந்தியாவில் செய்துகொண்டால் பணம் தருவார்களா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். அங்கேயே செய்வதானால் மனைவியோ மகனோ கூட இருக்கட்டும். இங்கே செய்வதானால் டியூபோடு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறாதீர்கள். டியூப் எடுக்கும் வரை சேலத்தில் உறவினர் வீட்டில் தங்குங்கள். கதிர்வீச்சு என்றால் ஐந்து தடவையில் முடிகிற முறையும் உண்டு, வாரக்கணக்கில் தினமும் போகிற முறையும் உண்டு. எது என்று கேட்டுவிட்டு விடுப்பு எழுதுங்கள்.

கிளம்பும்போது ஸ்லைடுகளோடு, திசுவைப் பதித்த மெழுகுக் கட்டிகளையும், எம்.ஆர்.ஐ. சி.டி.யையும், பழைய பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டுகள் அத்தனையையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு லக்கேஜில் விடாதீர்கள்.