வாசகர் கேட்டவை: செம்பைப் பிடித்தது காளானா, காரமா?

கேள்வி: சிப்பிக் காளான் தண்டைச் சோடியம் ஹைட்ராக்சைடு காரத்தில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, கழுவி, உலர்த்திப் பொடித்தேன். லிட்டருக்கு 50 மில்லிகிராம் செம்பு கலந்த 100 மில்லி நீரில் 0.5 கிராம் பொடி போட்டேன். முதல் தடவை 97 விழுக்காடு செம்பு போய்விட்டது. இன்னும் நன்றாகக் கழுவிய அடுத்த பொடியில் 40 விழுக்காடுதான். பொடி கெட்டுவிட்டதா?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, ஈசூன்

பதில்: கெடவில்லை. நம்ப வேண்டியதே அந்த 40-ஐத்தான். 5 மில்லிகிராம் செம்பில் 2 மில்லிகிராமை அரை கிராம் பொடி பிடித்திருக்கிறது. அதாவது கிராமுக்கு 4 மில்லிகிராம். தண்டுப் பொடிக்கு இது மோசமில்லை.

காரத்தில் வேகவைத்தது சரிதான். புரதமும் கொழுப்பும் கரைந்து, செல் சுவரில் செம்பைப் பிடிக்கும் இடங்கள் வெளியே தெரியும். ஆனால் பொடி பஞ்சு மாதிரி. காரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். கழுவிய நீரின் பிஎச் (அமில-கார அளவு) 7 காட்டினாலும், குடுவையில் போட்ட பிறகு காரம் மெல்லக் கசிந்து அதை ஏற்றும். 6-ஐத் தாண்டியதும் செம்பு ஹைட்ராக்சைடாகத் திரிந்து வடிதாளில் தங்கிவிடும். காளான் பிடித்தது போலத் தெரியும். முதல் தடவை வடிதாளில் வெளிர்நீலப் படிவு இருந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இனி, அரை கிராம் பொடியை 100 மில்லி வாலை வடிநீரில் ஒரு மணி நேரம் போட்டு பிஎச் பாருங்கள். 7-க்கு மேல் ஏறினால் மறுபடி கழுவுங்கள். சோதனையின்போது தொடக்கத்தில் மட்டுமல்ல, முடிவிலும் பிஎச் அளக்க வேண்டும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 5-இல் நிறுத்துங்கள். 3-க்குக் கீழே போனால் ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிஎச் ஆடாமலிருக்க பாஸ்பேட் கரைசல் சேர்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம், செம்பு பாஸ்பேட்டாகப் படிந்துவிடும். சிட்ரேட்டோ செம்பைத் தன்னோடு கட்டிவைத்துக்கொள்ளும். காளான் இல்லாத குடுவை ஒன்றும் அதே பிஎச்சில் பக்கத்தில் இருக்கட்டும். வடிதாளும் கொஞ்சம் செம்பை உறிஞ்சும் என்பதால் வடிந்த முதல் 10 மில்லியை ஒதுக்கிவிட்டு அடுத்ததை அளந்துபாருங்கள்.

கேள்வி: குரோமியத்துக்கும் இதே பிஎச் தானா? உயிருள்ள காளான் இன்னும் நன்றாகப் பிடிக்காதா?
– வாசகர், ஜூரோங்

பதில்: ஆறு இணைதிறன் குரோமியத்துக்குத் தலைகீழ். அது நீரில் எதிர்மின் அயனியாக இருப்பதால் பிஎச் 2 அளவில்தான் காளானிடம் ஒட்டும். அங்கேயும் ஏமாற இடமுண்டு: மஞ்சள் நிறம் மங்கினால் குரோமியம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மூன்று இணைதிறனாக மாறி நீரிலேயே இருக்கலாம். மொத்தக் குரோமியத்தை அளக்க வேண்டும். புற்றுநோய் தரும் பொருள், ஆசிரியர் இல்லாமல் தொடாதீர்கள்.

உயிருள்ளதற்குச் சத்து ஊட்ட வேண்டும், உலோகம் கூடினால் செத்தும் போகும். செத்த பொடிக்கு அந்தக் கவலை இல்லை. பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே வேலை முடிந்துவிடும்.

கேள்வி: சோதனை முடிந்த பொடியைச் செடிக்கு உரமாகப் போடலாமா?
– வாசகி, தோ பாயோ

பதில்: கூடாது. நீரிலிருந்து எடுத்த செம்பு பொடியில்தான் இருக்கிறது. லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள நைட்ரிக் அமிலத்தில் குலுக்கினால் செம்பு இறங்கிவிடும். பொடியைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம், ஒவ்வொரு சுற்றிலும் பிடிப்பு கொஞ்சம் குறையும். செம்பு இறங்கிய அமிலத்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நாம் வெளியேற்றும் நீரிலிருந்துதான் சிங்கப்பூரில் புதுநீர் (சுத்திகரித்த மறுபயன்பாட்டு நீர்) எடுக்கிறார்கள். ஆய்வகத்தின் உலோகக் கழிவுப் புட்டியில் சேருங்கள்.