வீட்டில் பியர் தயாரிக்கப் பாத்திரமும் பையும் போதுமா, ஆல்-இன்-ஒன் கருவி வேண்டுமா?

புதிதாகத் தொடங்குபவருக்கு எஃகுப் பாத்திரமும் துணிப்பையும் போதுமா, ஊறல் முதல் கொதிப்பு வரை ஒரே கலத்தில் முடிக்கும் மின்கருவியை முதலிலேயே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் இரண்டு முறையிலும் செய்து பார்த்தவன் என்ற வகையில், பாத்திரத்தில் தொடங்குங்கள் என்பேன். (அங்கே சொந்த உபயோகத்துக்கு 1963 முதல் உரிமம் தேவையில்லை, தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் மதுவிலக்குச் சட்டத்தை மறந்துவிட வேண்டாம்.)

மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய தானியம், பெரும்பாலும் பார்லி) உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க வேண்டுவதெல்லாம் 66 டிகிரி அளவிலான வெந்நீரும் ஒரு மணி நேரமும்தான். பத்து லிட்டர் பியருக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ மால்ட்டைப் பையிலிட்டு ஊறவைத்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றிவிட்டால் வெப்பம் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்குவதில்லை. பிறகு பையைத் தூக்கி வடித்துவிட்டு, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டியதுதான். கருவியும் இதையேதான் செய்கிறது. நீங்கள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதே வேறுபாடு.

சுவையைப் பெரிதும் தீர்மானிப்பது இதற்குப் பின், ஆறிய சாற்றில் ஈஸ்ட் சேர்த்ததும் தொடங்கும் நொதித்தல். ஏல் எனப்படும் பியர் வகைக்கான ஈஸ்ட்டுக்குப் பொதுவாக 18 முதல் 20 டிகிரி உகந்தது. ஈஸ்ட் தானும் வெப்பத்தை வெளியிடுவதால், அறை சூடாக இருந்தால் பியரில் பெயின்ட் தின்னர் போன்ற கரைப்பான் நெடி ஏறிவிடும். ஒரு கோடையில் நான் கருவியில் தயாரித்து வெறும் அறையில் வைத்த பியரைக் கொட்டும்படியாயிற்று. நசுங்கிய பாத்திரத்தில் தயாரித்து, பனிக்கட்டிப் புட்டிகள் மிதக்கும் தொட்டியில் வைத்ததோ நண்பர்கள் கேட்டு வாங்கிக் குடிக்கும்படி அமைந்தது. ஆகவே மிச்சமாகும் பணத்தை நல்ல வெப்பமானி, கிருமிநீக்கி, வெப்பக் கட்டுப்பாட்டுடன் கூடிய பழைய குளிர்பெட்டி ஆகியவற்றுக்குச் செலவிடுங்கள்.

இருபது லிட்டருக்கு மேல் போகும்போது கருவியின் கை ஓங்குகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி பாத்திரத்தைச் சுற்றி வீணாகிறது. 2,000 வாட் கருவியோ 25 லிட்டரை 65 டிகிரியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் ஐந்து கிலோ மால்ட் ஏறத்தாழ அதே எடை நீரை உறிஞ்சிக்கொள்வதால், கொதிக்கக் கொதிக்கப் பத்து கிலோ கூடையை மார்பளவுக்குத் தூக்க வேண்டியிருக்கும். என் முதுகு இதை மறக்கவில்லை. பம்ப்பையும் குழாய்களையும் ஒவ்வொரு முறையும் கழுவியாக வேண்டும். ஒருமுறை மாவு அடியில் படிந்து தீய்ந்ததில் முழுத் தயாரிப்பும் கருகல் வாடையுடன் போயிற்று.

ஐந்தாறு முறை செய்தபின்னும் பத்து லிட்டர் போதவில்லை என்றால் கருவியை வாங்குங்கள். அப்போதும் பழைய பாத்திரம் வீணாகாது. ஊறிய மால்ட்டில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கழுவி எடுக்க வெந்நீர் வைக்க அது வேண்டியிருக்கும்.