கேள்வி – பதில்: சம்பளம் வந்தது, மனநிறைவு எங்கே போயிற்று?

கேள்வி: அந்தியூர் அருகே அரசு நடுநிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். கொரோனா காலத்தில் என் வேலைக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. இருந்தும் அப்போது பிடித்த சலிப்பு இன்னும் முழுதாக விடவில்லை. இது நன்றிகெட்டத்தனமா?
– ஓர் ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

பதில்: நிச்சயமாக இல்லை. பணியில் மனக்குறை உண்டாக்கும் காரணங்கள் வேறு, மனநிறைவு தரும் காரணங்கள் வேறு என்று அமெரிக்க உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே எழுதினார். ஊதியமும் பணிப் பாதுகாப்பும் சரியாக இருந்தால் குறை தணியுமே தவிர நிறைவு பிறந்துவிடாது. செய்த வேலையின் பலனைக் கண்ணால் காண்பதும் பொறுப்பும் அங்கீகாரமும்தான் அதைத் தருகின்றன. அவர் ஆராய்ந்தது பொறியாளர்களையும் கணக்கர்களையும். பின்னாளில் அவர் கொள்கைக்கு மறுப்புகளும் எழுந்தன. ஆனாலும் உங்கள் நிலையை விளக்க அது போதும்.

உங்களிடமிருந்து பறிபோனது அந்தப் பலன்தான். பின்வரிசைப் பையன் முகம் சுருங்குவதைப் பார்த்தே கணக்கை மறுபடி தொடங்கிப் பழகிய ஆசிரியர், பாடம் கல்வித் தொலைக்காட்சிக்குப் போனபின், ‘பார்த்தாயா, எழுதினாயா’ என்று வாட்ஸ்அப் குழுவில் விசாரிப்பவராக மட்டும் மிஞ்சினார். அதிலும் பல வீடுகளில் இருந்தது ஒரே போன். “அவங்கப்பா தறிக்குக் கொண்டுட்டுப் போயிட்டாருங்க டீச்சர், ராத்திரிதான் வருவாருங்க” என்பதே அன்றைய வருகைப்பதிவு. பர்கூர், தாளவாடி மலையூர்கள் பலவற்றில் சிக்னலே கிடையாது. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டவும் கைமடிக்கவும் போய்க் காசு பார்த்துவிட்ட பிள்ளைகளை, வீடு வீடாகத் தேடிச் சென்று, பெற்றோரிடம் மன்றாடித் திரும்ப அழைத்து வந்ததும் ஆசிரியர்களே. அந்த உழைப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

உயர்நிலைப் பள்ளிகளில் நிலைமை இன்னும் கடுமை. 2021 ஜனவரி 19-இல் பத்தாம் வகுப்பும் பிப்ரவரி 8-இல் ஒன்பதாம் வகுப்பும் திறந்தன. பிப்ரவரி 25-இல் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பினர் அனைவரும் தேர்ச்சி என்ற அறிவிப்பு வந்தது. மாணவர் நலன் கருதிய முடிவு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குறைத்த பாடத்தையாவது முடித்துவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தவர்கள், மறுநாள் வகுப்பில் “அதான் பாஸ் போட்டாச்சே சார்” என்ற குரலைக் கேட்டபடி, பள்ளிகள் மீண்டும் மூடப்பட்ட மார்ச் 22 வரை பாடம் நடத்த வேண்டியிருந்தது.

கேள்வி: தறி நின்று நாங்கள் தவித்தபோது, வீட்டில் இருந்தபடி முழுச் சம்பளம் வாங்கியவர்களுக்கு என்ன சோர்வு?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, பாதிச் சம்பளத்துக்கும், சம்பளமே இல்லாமலும் நின்ற தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அது உண்டு. ஆனால் ‘முழு’ என்பது சரியல்ல. அகவிலைப்படி 17 சதவீதத்திலேயே நின்று, 2022 ஜனவரியில்தான் 31 ஆனது. ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறுவது 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வு அதற்கு முந்தைய மாதமே போய்விட்டது. ‘வீட்டில் இருந்தபடி’ என்பதும் பாதி உண்மைதான். பாடநூல், உலர் உணவுப் பொருள் விநியோகம், மாணவர் சேர்க்கை, 2021 ஏப்ரல் 6 தேர்தல் பணி எல்லாம் நேரில் போய்ச் செய்தவை. அவ்வளவுக்கும் பிறகு டீக்கடையில் ‘சும்மா சம்பளம்’ என்ற பேச்சைக் கேட்பவருக்குச் சோர்வு வராமல் என்ன செய்யும்? மெட்ரிக் பள்ளியிலிருந்து பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றிய பெற்றோர் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சோர்ந்திருக்கும் சக ஆசிரியர்களுக்காகத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைக்கலாமா?
– ஒரு தலைமையாசிரியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாம். அந்த நேரத்தை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். ஒரே விவரத்தைப் பதிவேட்டிலும் பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் செயலியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் மும்முறை கேட்பதை, உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட அளவிலாவது ஒருமுறையாகக் குறையுங்கள். வகுப்பைப் பார்வையிட்டால் குறைகளோடு, எந்தப் பிள்ளை எதைப் புதிதாகக் கற்றது என்பதையும் பார்வைக் குறிப்பில் பெயரோடு எழுதுங்கள். மேலதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கு நீங்களும் கூடச் சென்று, அவர்கள் எத்தனை மாதம் பள்ளியையே பார்க்காதவர்கள் என்பதை, ஆசிரியர் வாய் திறக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.